டெக்ஸ்ட் அட்வென்ச்சர் விளையாட்டுக்கு எஞ்சின் எழுதுவது எப்படி? தமிழில் கட்டளை கொடுக்க முடியுமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான்: பைதான் ஓரளவு தெரியும், பழைய வீடு ஒன்றைக் களமாக வைத்து டெக்ஸ்ட் அட்வென்ச்சர் எழுத ஆரம்பித்தீர்கள், நாலு அறை முடிவதற்குள் "இப்படி என்றால் இது, இல்லாவிட்டால் அது" என்ற இஃப்-எல்ஸ் 600 வரியைத் தாண்டிவிட்டது. இதற்கு ஒரு எஞ்சின், அதாவது ஆட்டத்தை இயக்கும் பொது நிரல், எழுத எங்கே தொடங்குவது, விளையாடுபவர் தமிழில் தட்டினால் அதற்குப் புரியுமா, பைதான் போதுமா? பார்க்க இது பார்சரை, அதாவது தட்டிய வரியைப் பிரித்துப் புரிந்துகொள்ளும் பகுதியை, பற்றிய கேள்வி மாதிரி இருக்கிறது. ஆனால் உங்கள் 600 வரிக்குக் காரணம் பார்சர் இல்லை. எந்த அறையில் என்ன இருக்கிறது, எந்தக் கதவு எங்கே போகிறது என்ற தகவல் எல்லாம் நிரலுக்குள்ளேயே கரைந்து கிடக்கிறது. எதைத் தகவலாகப் பிரித்து வெளியே வைப்பது, எதை நிரலாகவே விடுவது என்று முடிவு செய்துவிட்டால் எஞ்சின் பாதி முடிந்த மாதிரி. அதை முதலில் சொல்கிறேன், தமிழ்க் கட்டளை விஷயம் அதற்கப்புறம்.

நான் பதினாறு வருடமாக நிரல் எழுதுகிறேன். பிழைப்பு கணக்கு மென்பொருளில். இந்த வகை எஞ்சின் மூன்று எழுதியிருக்கிறேன், மூன்றாவது தமிழ்க் கட்டளைக்காகவே எழுதியது. நான் செய்ததில் பெரிய ஆட்டத்துக்கே 40 அறைதான் இருக்கும். அதனால் கீழே சொல்வதைச் சின்ன, நடுத்தர ஆட்டங்களுக்கான அனுபவமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வகை விளையாட்டில் படம் கிடையாது. "நீங்கள் கிணற்றடியில் நிற்கிறீர்கள். வடக்கே பின்கட்டு. இங்கே ஒரு கயிறு கிடக்கிறது" என்று திரை சொல்லும், நீங்கள் "கயிற்றை எடு", "வடக்கே போ" என்று தட்டுவீர்கள். இதன் முதல் ஆட்டம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது கொலோசல் கேவ் அட்வென்ச்சர். குகை ஆய்வில் ஈடுபாடு கொண்ட வில் க்ரௌதர் என்ற நிரலாளர், அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து மாமத் குகையில் தான் அளந்து வரைபடமாக்கிய பகுதிகளை வைத்து 1970களின் நடுவில் இதை எழுதினார். பிடிபி-10 கணினி, ஃபோர்ட்ரான் மொழி. 1977இல் ஸ்டான்ஃபோர்டில் இருந்த டான் வுட்ஸ் அதை விரித்தார். இதை நான் எடுத்தது வரலாறு சொல்ல இல்லை. உங்களுக்கு வந்த அதே சிக்கலுக்கு அவர்கள் அந்தக் காலத்திலேயே ஒரு வழி கண்டிருக்கிறார்கள், இன்றைக்கும் அதை அப்படியே எடுத்துப் பயன்படுத்தலாம்.

அந்த ஆட்டத்தில் அறை வருணனை, சொற்பட்டியல், வழிகள், செய்திகள் எல்லாம் நிரலில் இல்லை, தனியாக ஒரு தகவல் கோப்பில் இருக்கின்றன. அதில் வழிகளின் அட்டவணைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒவ்வொரு வரியிலும் இந்த அறையிலிருந்து இந்தச் சொல்லைச் சொன்னால் எங்கே போவது என்பதற்கு ஒரே ஒரு எண். அதை 1000ஆல் வகுக்க வேண்டும். மீதி 300 வரை இருந்தால் அது போய்ச் சேரும் அறையின் எண். 300க்கு மேல் 500 வரை என்றால் அந்த இடத்துக்கென்றே எழுதிய தனி நிரலுக்குப் போ என்று பொருள். 500க்கு மேல் என்றால் ஆளை நகர்த்தாமல் ஒரு செய்தியை மட்டும் காட்ட வேண்டும். ஈவு நிபந்தனையைச் சொல்லும்: 0 என்றால் நிபந்தனை இல்லை, 1 முதல் 99 வரை என்றால் அத்தனை சதவீத வாய்ப்பு, 101 முதல் 200 வரை என்றால் குறிப்பிட்ட ஒரு பொருள் கையில் இருந்தால்தான் வழி. ஒரு எண்ணுக்குள் இத்தனையும்!

இன்று எண்ணுக்குள் அடக்க வேண்டிய அவசியம் இல்லை, ஆனால் அந்தப் பிரிப்பை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். வழி என்பது மூன்றில் ஒன்று: நேராக ஓர் அறை, போக முடியாது என்று சொல்லும் ஒரு வாக்கியம், அல்லது ஒரு ஃபங்ஷனின் (பெயர் சொல்லிக் கூப்பிடும் தனி நிரல் துண்டின்) பெயர். அதோடு தேவைப்பட்டால் ஒரு நிபந்தனை. பைதானில் அறை ஒரு டிக்‌ஷனரி, அதாவது பெயரும் அதற்கு எதிரே தகவலுமாக இருக்கும் அட்டவணை, அதற்குள் "வழிகள்" என்று இன்னொரு டிக்‌ஷனரி. "வடக்கு" என்பதற்கு எதிரே "பின்கட்டு" என்று வெறும் சொல் இருந்தால் அங்கே போக வேண்டும். "கீழே" என்பதற்கு எதிரே "கயிறு இல்லாமல் கிணற்றில் இறங்க முடியாது" என்ற செய்தியும், கயிறு கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும், "கிணற்றுக்குள்" என்ற இடமும் இருக்கும். உங்கள் 600 வரியில் பாதிக்கு மேல் இதில் கரைந்துவிடும். மூன்றாவது வகையை, அதாவது தனி நிரலுக்குப் போகும் கதவை, மறக்காமல் வையுங்கள். முழுக்க முழுக்கத் தகவலாகவே வைப்பேன் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் கடைசியில் ஜேசன் (தகவலை உரையாக எழுதி வைக்கும் வடிவம்) கோப்புக்குள் ஒரு நிரல் மொழியைக் கண்டுபிடித்துக்கொண்டிருப்பார்கள். என் முதல் எஞ்சின் நின்றுபோனது அப்படித்தான்: "இது இருந்து, அது இல்லாமல், அல்லது இன்னொன்று இரண்டு முறை நடந்திருந்தால்" என்பதையெல்லாம் ஜேசனில் எழுதப்போய், கடைசியில் நான் எழுதிய விதியை எனக்கே படிக்கத் தெரியவில்லை.

முழுக்கத் தகவலாக வைத்தே சாதித்தவரும் உண்டு. ஸ்காட் ஆடம்ஸ் 1978இல் டிஆர்எஸ்-80 என்ற வீட்டுக் கணினிக்காக எழுதிய அட்வென்ச்சர்லாண்ட் ஆட்டத்தின் அமைப்பில் ஒவ்வொரு விதிக்கும் ஒரு வினை-பெயர் ஜோடி, அதிகபட்சம் ஐந்து நிபந்தனை, நாலு செயல், அவ்வளவுதான். எல்லாம் எண்கள். அந்த எண்களைப் படித்து இயக்கும் நிரல் ஒன்று இருந்தால், தகவலை மாற்றி அடுத்த ஆட்டம் போட்டுவிடலாம். 16 கே நினைவகத்துக்குள் அடங்க வேண்டிய கட்டாயத்தில் பிறந்த வடிவம் அது. உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எளிய நிபந்தனை தகவலில், சிக்கலானது ஃபங்ஷனில் என்று பிரித்துக்கொண்டால் போதும்.

அடுத்தது பொருள்கள் எங்கே இருக்கின்றன என்பது. எஞ்சினின் முதுகெலும்பு இதுதான் என்று நினைக்கிறேன், இதை நிதானமாகச் செய்யுங்கள். பெரும்பாலும் எல்லோரும் முதலில் செய்வது, ஒவ்வொரு அறைக்கும் பொருள்களின் பட்டியல் ஒன்று, விளையாடுபவரின் கையில் இருப்பதற்குத் தனிப் பட்டியல் ஒன்று. எடுத்தால் இங்கே நீக்கி அங்கே சேர்க்க வேண்டும். ஒரு இடத்தில் நீக்க மறந்தால் விளக்கு கையிலும் இருக்கும், அறையிலும் இருக்கும். இதைவிட எளிய வழி, பட்டியலே வேண்டாம், ஒவ்வொரு பொருளும் தன் "தாய்" யார் என்று மட்டும் சொல்லட்டும். விளக்கின் தாய் ட்ரங்க் பெட்டி, பெட்டியின் தாய் பரண், விளையாடுபவரும் ஒரு பொருள்தான், அவருடைய தாய் அவர் நிற்கும் அறை. "விளக்கை எடு" என்றால் விளக்கின் தாயை விளையாடுபவராக மாற்றுகிறோம், ஒரே ஒரு வரி. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய எல்லாப் பொருளையும் ஒரு சுற்று சுற்றி, யாருடைய தாய் பெட்டி என்று பார்த்தால் ஆயிற்று. நூறு பொருள் என்றாலும் கணினிக்கு அது ஒன்றுமே இல்லை. இந்த வகை ஆட்டங்களை வெளியிட்ட இன்ஃபோகாம் நிறுவனத்துக்காக ஜோயல் பெரெஸும் மார்க் பிளாங்கும் 1979இல் வடிவமைத்த, அந்த ஆட்டங்களை இயக்கும் இஸட்-மெஷினிலும் தாய்க்குத் தாய் என்று கிளைக்கும் இதே மரம்தான். அதன் மூன்றாம் பதிப்பில் 255 பொருள், ஒவ்வொன்றுக்கும் 32 கொடிகள் என்ற எல்லைக்குள்ளேயே நல்ல நல்ல ஆட்டங்கள் வந்துவிட்டன. கொடி என்பது திறந்திருக்கிறதா, எரிகிறதா, தூக்க முடியுமா என்ற ஆம்-இல்லை விஷயம். உங்களுக்குப் பத்துக் கொடிகூடத் தேவைப்படாது.

இந்த மரத்தில் ஒரு குழி இருக்கிறது. என் இரண்டாவது எஞ்சினில் நண்பரின் பையன் விளையாடிக்கொண்டிருந்தபோது பையைப் பெட்டிக்குள் போட்டான், அப்புறம் பெட்டியைப் பைக்குள் போட்டான். இரண்டும் அந்த நிமிடமே உலகத்தை விட்டு மறைந்துவிட்டன, ஏனென்றால் பையின் தாய் பெட்டி, பெட்டியின் தாய் பை, இரண்டுமே எந்த அறையிலும் இல்லை. அந்தப் பெட்டிக்குள்தான் ஆட்டத்தை முடிக்க வேண்டிய சாவி இருந்தது. அவன் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு பொருளை இன்னொன்றுக்குள் போடும் முன், போகிற இடத்திலிருந்து தாய், தாயின் தாய் என்று மேலே ஏறிப் பாருங்கள், வழியில் போடப்படும் பொருளே எதிர்ப்பட்டால் மறுத்துவிடுங்கள். நாலு வரி வேலை, கட்டாயம் எழுதுங்கள்.

எது கண்ணுக்குத் தெரிகிறது, எது கைக்கு எட்டுகிறது என்று இரண்டு ஃபங்ஷன் தனித்தனியாக வேண்டும். மூடிய கண்ணாடி அலமாரிக்குள் இருக்கும் புகைப்படம் தெரியும், எட்டாது. இருட்டு அறையில் கையில் இருப்பது எட்டும், மற்றது தெரியாது. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் பின்னால் எல்லா வினையிலும் விதிவிலக்கு எழுதிக்கொண்டே இருப்பீர்கள். பார்சரும் தெரிகிற பொருள்களுக்குள் மட்டும்தான் தேட வேண்டும், ஆட்டத்தில் உள்ள எல்லாப் பொருளுக்குள்ளும் தேடக் கூடாது. இல்லாவிட்டால் திண்ணையில் நின்றுகொண்டு "பித்தளைச் சாவியை எடு" என்று தட்டுபவரிடம் "அது இங்கே இல்லை" என்று சொல்லி, அப்படி ஒரு சாவி இருப்பதையே காட்டிக்கொடுத்துவிடுவீர்கள்.

சரி, வினைகள். எடு, வை, திற, பார், போ என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபங்ஷன் எழுதுங்கள், ஒவ்வொன்றையும் மூன்று கட்டமாகப் பிரியுங்கள்: முடியுமா என்று சரிபார்ப்பது, உலகத்தை மாற்றுவது, கடைசியில் வாக்கியம் அச்சிடுவது. இந்த வரிசை மாறவே கூடாது. பாதியில் "பெட்டி திறந்தது" என்று அச்சிட்டுவிட்டு அப்புறம் பூட்டைச் சரிபார்த்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். இதற்கு முன்னும் பின்னும் பொருள் தலையிட ஒரு வாய்ப்பு இருக்க வேண்டும். உதாரணமாக, அரிக்கேன் விளக்கை எடுத்தால் அதிலிருந்து மண்ணெண்ணெய் சொட்டும் என்று வையுங்கள். அதைப் பொதுவான "எடு" ஃபங்ஷனுக்குள் எழுதாதீர்கள், விளக்கிடம் "எடுத்தபின்" என்று ஒரு ஃபங்ஷன் கொடுங்கள். இந்த வகை ஆட்டம் எழுத உதவும் இன்ஃபார்ம் என்ற கருவியில் முன், பின் என்று இதே ஏற்பாடு இருக்கிறது. முதலில் பொருளின் விதியைக் கேட்பதா, அறையின் விதியைக் கேட்பதா என்பதில் ஆளுக்கு ஒரு பழக்கம். நான் பொருளை முதலில் கேட்கிறேன், அதற்கு எனக்குப் பழகிவிட்டது என்பதைத் தவிர வலுவான காரணம் இல்லை. எதை வைத்தாலும் கடைசி வரை அதையே வைத்திருங்கள்.

ஆட்டத்தின் நிலை முழுவதும், அதாவது தாய்கள், கொடிகள், நகர்வு எண்ணிக்கை எல்லாம், ஒரே டிக்‌ஷனரியில் இருக்கட்டும். சேமிப்பது என்றால் அதை ஜேசனாக எழுதிவிடலாம். ஒரு நகர்வு பின்னால் போவதற்கு ஒவ்வொரு கட்டளைக்கு முன்பும் அதை ஒரு ஆழமான நகல், அதாவது உள்ளே இருப்பதெல்லாம் சேர்த்து முழு நகல், எடுத்து வைத்தால் போதும். இந்த வசதியை விளையாடுபவருக்காக மட்டும் சொல்லவில்லை. ஒரு உரைக் கோப்பில் ஆட்டத்தை முதலிலிருந்து முடிவு வரை முடிக்கும் கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு, நிரலைத் தொட்ட ஒவ்வொரு முறையும் அதை ஓட்டிப் பாருங்கள். போன முறை வந்த வெளியீட்டோடு ஒப்பிட்டு எங்கே மாறியிருக்கிறது என்று பாருங்கள். சீரற்ற எண் எங்காவது பயன்படுத்தினால் அதன் விதையை, அதாவது தொடக்க எண்ணை, நிலையாக வையுங்கள், இல்லாவிட்டால் ஒப்பீடு நடக்காது. என் மூன்று எஞ்சினில் இதைச் செய்தது மூன்றாவதற்கு மட்டும்தான், முழுதாக முடிந்ததும் அது ஒன்றுதான்.

இனி தமிழ். ஆங்கிலப் பார்சர் எழுதும் பாடங்கள் இணையத்தில் ஏராளம், அவற்றை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் மூன்றாவது கட்டளையிலேயே உடையும். ஆங்கிலத்தில் எது எதற்குள் போகிறது என்பதைச் சொற்களின் வரிசையும் இடையில் வரும் முன்னிடைச் சொல்லும் சொல்கின்றன. தமிழில் அந்த வேலையை வேற்றுமை உருபு செய்கிறது. "சாவியால் பெட்டியைத் திற", "பெட்டியைச் சாவியால் திற" இரண்டும் ஒன்றே. வரிசையைப் பார்க்கவே வேண்டாம், சொல்லின் வாலைப் பார்த்தால் போதும்: ஐ வந்தால் செயலுக்கு உள்ளாகும் பொருள், ஆல் வந்தால் கருவி, இல் அல்லது உள் வந்தால் இடம், கு வந்தால் பெறுபவர். வாலே இல்லாமல் "கதவு திற" என்று தட்டினால், பேச்சில் நாம் அப்படித்தான் சொல்கிறோம் என்பதால், ஐ இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். இந்த விஷயத்தில் தமிழ்ப் பார்சர் ஆங்கிலத்தைவிட எளிது, இதை நான் எழுதிப் பார்த்தே சொல்கிறேன்.

சிரமம் சொல்லின் உடம்பில். பெட்டி - பெட்டியை என்பது நேரானது. ஆனால் மரம் மரத்தை ஆகிறது, வீடு வீட்டை ஆகிறது, கயிறு கயிற்றை ஆகிறது. நான் முதலில் குறுக்குவழி ஒன்று முயன்றேன். கொலோசல் கேவ் ஒவ்வொரு சொல்லிலும் முதல் ஐந்து எழுத்தை மட்டும்தான் பார்க்கும், பிடிபி-10இன் 36 பிட் நினைவகக் கட்டம் ஒன்றுக்குள் ஐந்து எழுத்து அடங்கும் என்பதால் வந்த வழக்கம் அது. தமிழில் வால் எல்லாம் பின்னால்தானே ஒட்டுகிறது, நாமும் சொல்லின் தொடக்கத்தை மட்டும் பார்த்தால் என்ன என்று தோன்றியது. கடைசியில் வரும் உகரத்தையும் மகர மெய்யையும் வெட்டிவிட்டு, மீதியில் தட்டிய சொல் தொடங்குகிறதா என்று பார்த்தேன். யூனிகோடில், அதாவது கணினி எழுத்துகளைச் சேமிக்கும் குறியீட்டு முறையில், உயிர்மெய் என்பது மெய்க்கான குறியீடும் உயிர்க்குறியும் தனித்தனியாக அடுத்தடுத்து வருவது என்பதால் இது எதிர்பார்த்ததைவிட நன்றாகவே நடந்தது: "கயிறு" என்பதில் உகரக் குறி போனால் மிஞ்சுவது "கயிற", "கயிற்றை" என்பதும் அதே குறியீடுகளில்தான் தொடங்குகிறது. அப்புறம் ஒரு நாள் தோட்டத்தில் "பூட்டை எடு" என்று தட்டினேன், ஆட்டம் பூவைப் பறித்துக் கொடுத்தது. அங்கே பூட்டு இல்லை, பூ இருந்தது, "பூட்டை" என்பது "பூ" என்றுதான் தொடங்குகிறது.

அதனால் இப்போது செய்வது இது. ஒவ்வொரு பொருளுக்கும் பெயரோடு, உருபு ஏற்கும் வடிவத்தையும் கையால் எழுதிவிடுகிறேன்: மரம் என்பதற்கு மரத்து, கிணறு என்பதற்கு கிணற்று, வீடு என்பதற்கு வீட்டு, பெட்டி என்பதற்கு மாற்றம் இல்லை, பெட்டிதான். அதிலிருந்து மரத்தை, மரத்தில், மரத்தால், மரத்துக்கு, மரத்துக்குள் என்று எல்லா வடிவத்தையும் ஒரு சின்ன ஃபங்ஷன் உருவாக்கி, வடிவம் எதிரே பொருளும் உருபும் என ஒரே அட்டவணையில் போட்டுவிடும். 50 பொருளுக்கு 400 வடிவம்கூட வராது. தட்டிய சொல்லை அட்டவணையில் நேராகத் தேடினால் போதும், வெட்டுவதும் இல்லை, ஊகிப்பதும் இல்லை. "கயிறை", "மரத்திற்கு" மாதிரி மக்கள் தட்டும் மற்ற வடிவங்களையும் அதிலேயே சேர்த்துக்கொள்ளலாம். இலக்கணப்படி ஒன்றுதான் சரி என்று விளையாடுபவரைத் திருப்பி அனுப்பாதீர்கள். இதே அட்டவணை வெளியீட்டுக்கும் உதவும், "கயிற்றை எடுத்துக்கொண்டீர்கள்" என்று சரியாக அச்சிடலாம்.

சந்தி இன்னொன்று. "பெட்டியைத் திற" என்பதை இடைவெளியில் உடைத்தால் கிடைப்பது "பெட்டியைத்", அது அட்டவணையில் இருக்காது. விதி சுலபம்: சொல் அட்டவணையில் இல்லை, அது க், ச், த், ப் ஒன்றில் முடிகிறது, அடுத்த சொல் அதே மெய்யில் தொடங்குகிறது என்றால் கடைசி மெய்யை எடுத்துவிட்டு மறுபடி தேடுங்கள். அட்டவணையில் முதலில் தேடிவிட்டு அப்புறம் வெட்டுவது முக்கியம், டார்ச், கேக் மாதிரிச் சொற்கள் பிழைத்துக்கொள்ளும். உள்ளே வரும் எந்த வரியையும் முதல் வேலையாக, ஒரே எழுத்து எப்போதும் ஒரே குறியீடுகளாக வரச் செய்யும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். "கொ" என்பதைச் சில விசைப்பலகைகள் ககரமும் ஒகரக் குறியும் என இரண்டு குறியீடாகத் தரலாம், சில எகரக் குறி, ஆகாரக் குறி என்று பிரித்து மூன்றாகத் தரலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், ஒப்பிட்டால் வேறு. பைதானில் யூனிகோட்டேட்டா என்ற மாட்யூல் கூடவே வருகிறது, ஒரு வரியில் முடிந்துவிடும். என்எஃப்சி தொடாத ஒன்று, கண்ணுக்குத் தெரியாத இணைப்பான் குறிகள், அதாவது 200சி, 200டி என்ற இரண்டு குறியீடுகள். அவற்றை நீங்களே நீக்க வேண்டும்.

வினைகளுக்கு இலக்கண ஆராய்ச்சி வேண்டாம், பட்டியல் போதும்: எடு, எடுங்கள், எடுங்க, எடுக்கவும், எடுத்துக்கொள் எல்லாம் ஒரே வினை. ஆனால் "பெட்டியைத் திறந்து பார்" என்று ஒருவர் தட்டுவார். திறந்து என்பதை திற என்று எடுத்துக்கொண்டு முதல் கட்டளையை முடித்து, பார் என்பதை அதே பொருள் மீதான இரண்டாவது கட்டளையாக எடுக்கலாம். "கதவைத் தள்ளிப் பார்" என்றால்? இங்கே பார் என்பதற்குக் கண்ணால் பார்ப்பது பொருளே இல்லை, தள்ள முயற்சி செய் என்பதுதான். இரண்டையும் இலக்கணத்தால் பிரிக்க ரொம்ப நேரம் செலவழித்தேன். கடைசியில் பிடிபட்டது, பிரிக்கவே தேவையில்லை: முன்னால் வந்த வினையைச் செய்துவிட்டு, அது நடந்திருந்தால் அந்தப் பொருளின் இப்போதைய நிலையை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டால் இரண்டு அர்த்தமும் நிறைவேறிவிடுகிறது. இதற்கு மேல் "விளக்கை ஏற்றி எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்க் கயிற்றைக் கட்டு" என்று நீளமாகத் தட்டினால் நான் சொல்லும் முறை தாங்காது. "ஒரு நேரத்தில் ஒரு வேலை சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொள்வதே நேர்மை.

ஆட்டத்தில் ஆட்கள் வந்தால் பொருளுக்கு இன்னும் ஒரு தகவல் சேரும், உயர்திணையா அஃறிணையா, ஆணா பெண்ணா, மரியாதைப் பன்மையா. "பாட்டி இங்கே உட்கார்ந்திருக்கிறார்", "பூனை இங்கே படுத்திருக்கிறது" என்பதற்கு மட்டுமில்லை, உள்ளீட்டுக்கும் இது வேண்டும்: "சாவியைப் பாட்டியிடம் கொடு" என்பார்கள், "பாட்டியில்" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆட்களுக்கு இல் என்பதற்குப் பதில் "இடம்" என்ற உருபு சேர்ந்த வடிவத்தை அட்டவணை உருவாக்க வேண்டும்.

ஒரே பெயரில் இரண்டு பொருள் தெரிந்தால் "எந்தச் சாவி, இரும்புச் சாவியா, பித்தளைச் சாவியா?" என்று கேட்டு, பாதிக் கட்டளையை நினைவில் வையுங்கள். அடுத்து வருவது "பித்தளை" என்றால் இணைத்துவிடலாம். "வடக்கே போ" என்று வந்தால் பழையதை மறந்துவிட்டுப் புதிய கட்டளையாக எடுத்துக்கொள்ளுங்கள். பதில் சொல்லும் வரை விடமாட்டேன் என்று அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கும் ஆட்டத்தை யாரும் இரண்டு நிமிடம்கூடப் பொறுக்க மாட்டார்கள்.

எஞ்சின் எழுதாமல் ஆட்டம் மட்டும் செய்ய வேண்டும் என்றால் இன்ஃபார்ம் 7, டாட்ஸ், ட்வைன் எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன. ட்வைனில் விளையாடுபவர் கட்டளை தட்டுவதில்லை, இணைப்பைச் சொடுக்கிக்கொண்டு போவார். அதனால் தமிழில் ஆட்டம் செய்ய இப்போதைக்குத் தொல்லை குறைந்த வழி அதுதான். ஆனால் உங்கள் கேள்வியைப் படித்தால் கட்டளை தட்டுவதிலும், அதை எப்படிப் புரிய வைப்பது என்பதிலும்தான் உங்களுக்கு ஆசை என்று தெரிகிறது. அப்படியென்றால் எழுதுங்கள். முதல் வாரம் பார்சரையே தொடாதீர்கள். அறை, வழி, தாய் மரம் மூன்றையும் எழுதி, கட்டளையை நேராக ஃபங்ஷன் அழைப்பாகக் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். உங்கள் நாலு அறையும் தகவல் கோப்பிலிருந்து ஓடிய பிறகு பார்சரை மேலே வையுங்கள்.

பைதான் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். எஞ்சினுக்குத் தாராளமாகப் போதும், வேகம் ஒரு பிரச்சினையே இல்லை. ஆனால் டெர்மினல் என்ற, எழுத்து மட்டும் காட்டும் கட்டளைத் திரையில் தமிழ் பல நேரம் உடைந்து தெரியும், ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே அகலக் கட்டம் ஒதுக்கும் அமைப்பு அது, கொம்பும் காலும் இடம் மாறிப்போகும். அதனால் எஞ்சினுக்குள் எங்கேயும் நேராகத் திரையில் அச்சிடும் பிரிண்ட் கட்டளை எழுதாதீர்கள். ஒரு வரி உள்ளே வாங்கி ஒரு வரி திருப்பித் தரும் ஒரே ஃபங்ஷனாக எஞ்சின் இருக்கட்டும். அதை ஒரு ஃபிளாஸ்க் (பைதானில் வலைப்பக்கம் செய்ய உதவும் கருவி) பக்கத்தில் உரைப்பெட்டியோடு இணைத்தால் பிரவுசர் தமிழை ஒழுங்காகக் காட்டும், போனிலும் விளையாடலாம், அந்தக் கட்டளைக் கோப்புச் சோதனைக்கும் அதே ஃபங்ஷனைக் கூப்பிட்டால் போதும்.